ஆற்றில் விழுந்தார்களா, விரட்டப்பட்டார்களா? காவல்துறை வன்முறையும் பொதுச்சமூகத்தின் மனசாட்சியும்

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் 17 பேர் இறந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "தாமிரபரணியில் மூழ்கி இறந்தார்கள்" என்பது ஒன்று. "காவல்துறை அடித்து ஆற்றுக்குள் விரட்டியதால் இறந்தார்கள்" என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தில் ஆறு இருக்கிறது, பிணங்கள் இருக்கின்றன, காவல்துறை மட்டும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களில் எதை ஒரு சமூகம் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

களப்பணிக்குப் போகும் இடங்களில் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள்: "போலீஸ் எல்லோரையும்தானே அடிக்கிறது? இதில் சாதி எங்கே வருகிறது?" நியாயமான கேள்விதான். காவல்துறையின் தடி எல்லார் மீதும் விழுந்திருக்கிறது. விழுந்த பிறகு ஊர் என்ன சொன்னது, பத்திரிகை என்ன எழுதியது, சட்டமன்றம் என்ன பேசியது, எத்தனை ஆண்டுகள் அது நினைவில் இருந்தது என்று பார்த்தால் சாதி எங்கே வருகிறது என்பது புரியும். ஆகவே சில போராட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

தெருவில் நடப்பதே ஒரு கோரிக்கையாக இருந்தது

முதலில் ஓர் அடிப்படையை மனதில் வைக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தெரு என்பது கோரிக்கையை எடுத்துச் செல்லும் வழி. நமக்குத் தெருவே கோரிக்கையாக இருந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தடையின்றிச் செல்லலாம் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சாலையில் நடக்கச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் நாம்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் ஊர்வலமாகப் போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அது சட்டப்படியான செயல். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சியே அறிவித்திருந்தது. ஆனால் சில மணி நேரத்தில் ஒரு வதந்தி கிளம்பியது: "அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள்." அப்படி ஒரு திட்டமே இல்லை. வதந்தி போதுமானதாக இருந்தது. ஊர் திரும்பக் காத்திருந்தவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் தாக்கப்பட்டார்கள்.

இந்த வதந்தியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்த ஒன்றுக்காக அல்ல, செய்யப் போகிறோம் என்று சொல்லப்பட்ட ஒன்றுக்காகத் தாக்கப்படுவது மகாடோடு முடியவில்லை. பின்னாளில் அதே வதந்தி காவல்துறையின் அறிக்கையாக மாறியது.

தாமிரபரணி: கூலி கேட்டவர்களின் ஊர்வலம்

மாஞ்சோலை எஸ்டேட் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா வர்த்தக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1990களின் இறுதியில் அவர்கள் கேட்டது நாள் கூலி 150 ரூபாய், மனிதர்கள் வாழத் தகுந்த வேலை நிலைமை. அதற்காகப் போராடிய அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெண்கள் உட்படச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அவர்களை விடுவிக்கக் கோரித்தான் அந்த ஜூலை 23 ஊர்வலம். புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி தலைமையில், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிகள் உள்ளிட்டோரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போனார்கள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே ஊர்வலம் தடுக்கப்பட்டது. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஒரு பக்கம் காவல்துறை, மறுபக்கம் ஆறு. மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். கரையேற முயன்றவர்களையும் அடித்தார்கள், தண்ணீருக்குள் நின்றவர்கள் மீது கல்லெறிந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். இறந்த 17 பேரில் இரண்டு பேர் பெண்கள், ஒன்று கைக்குழந்தை.

கைக்குழந்தையோடு வந்த கூட்டம் கலவரம் செய்ய வந்த கூட்டமா என்ற ஒரு கேள்வியே அரசைத் தலைகுனிய வைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. நீரில் மூழ்கி இறந்தார்கள் என்ற விளக்கத்தையே ஆணையமும் ஏற்றது. ஆறு குற்றவாளியானது. ஆற்றைச் சிறையில் அடைக்க முடியாது அல்லவா?

அன்றைக்கு 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகளும் கைப்பேசிக் கேமராவும் இல்லாததால்தான் மக்களிடம் கோபம் எழவில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. படங்கள் இருந்தன. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சாட்சியங்கள் இருந்தும் பொதுச்சமூகம் அதைத் தன் இழவாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு கட்சி ஊர்வலத்தில் ஒரு சாதிக்கு நேர்ந்தது" என்று ஒதுக்கிவைத்தது.

1965, 1987: தியாகிகளான மரணங்கள்

தமிழ்நாட்டுக்குக் காவல்துறை வன்முறை மீது கோபப்படத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடுகளிலும் கலவரங்களிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. மக்கள் கணக்கு அதைவிட அதிகம். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அது இங்கே ஆட்சி அமைக்கவில்லை. மாணவர்களைச் சுட்ட ஆட்சி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

1987 செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. 21 பேர் உயிரிழந்தார்கள். அதே நாட்களில் வட மாவட்டங்களில் தலித் குடிசைகள் எரிக்கப்பட்டதும் வரலாறுதான். ஆனாலும் அந்த 21 உயிர்கள் போனது அநியாயம் என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு உருவாக்கப்பட்டு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கும் அரசு கட்டிய மணிமண்டபத்தை முதலமைச்சர் திறந்து வைத்தார்.

தாமிரபரணியில் இறந்த 17 பேருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுகிறது. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று கட்சிகளும் அமைப்புகளும் வரிசையில் வந்து ஆற்றில் மலர் தூவிவிட்டுப் போகிறார்கள். மலர் தண்ணீரோடு போய்விடுகிறது.

இந்த ஒப்பீட்டை யார் மீதான பொறாமையாகவும் படிக்க வேண்டாம். 1987இல் இறந்தவர்களுக்கு மண்டபம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். காவல்துறையால் உயிரிழந்தவர் தியாகியா, கலவரக்காரரா என்பதை முடிவு செய்வது இறந்தவரின் செயல் அல்ல, அவருக்காகப் பேசுபவர்களின் எண்ணிக்கையும் பலமும்தான் என்பதே நம் வாதம்.

பரமக்குடி 2011: பாதிக்கப்பட்டவரே காரணம்

1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட தியாகி இமானுவேல் சேகரனின் நினைவு நாளில், ஆண்டுதோறும் பரமக்குடியில் அவருடைய நினைவிடத்துக்கு மக்கள் திரண்டு வருவது வழக்கம். 2011இல் அங்கே வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனைக் காவல்துறை வழியிலேயே தடுத்துக் கைது செய்தது. அவரை விடுவிக்கக் கோரி ஐந்துமுனைச் சந்திப்பில் மக்கள் மறியல் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்.

மறுநாளே சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா, காவல்துறை தற்காப்புக்காகவும் பொதுச் சொத்தைக் காக்கவும் சுட்டது என்று விளக்கம் சொன்னார். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. இரண்டு நாள் முன்பு கொல்லப்பட்ட ஒரு தலித் பள்ளி மாணவனின் சாவையும், ஒரு தலைவரைப் பற்றி எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட சுவர் எழுத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் இரு சாதிகளின் மோதல் என்ற சட்டகத்துக்குள் வைத்தார். சுட்டது அரசு, சுடப்பட்டவர்கள் குடிமக்கள். ஆனால் "சாதிக் கலவரம்" என்ற சொல் வந்தவுடன் அரசு நடுவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலான செய்திகளும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்ட தொகை ஒரு லட்சம் ரூபாய். நீதிபதி சம்பத் ஆணையத்தின் அறிக்கை 2013இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்ற முடிவுக்கு அது வந்தது.

மெரினா 2017: மாணவர்களும் குப்பமும்

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, ஒரு வாரம் தமிழ்நாடே காவல்துறையைக் கொண்டாடியது. "காவலர்களும் நம் பிள்ளைகளே" என்ற பேச்சு எங்கும் கேட்டது. ஜனவரி 23 காலையில் கடற்கரையை வலுக்கட்டாயமாகக் காலி செய்யத் தொடங்கியதும் படம் மாறியது. அடிபட்டு ஓடிவந்த மாணவர்களுக்குக் கடலோரக் குப்பங்களின் மக்கள் தண்ணீர் கொடுத்தார்கள், வீட்டுக்குள் இடம் கொடுத்தார்கள். அதற்கான விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள். நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. வீடுகளுக்குள் புகுந்து அடித்ததாக மக்கள் புகார் சொன்னார்கள். காவலர்களே வாகனங்களுக்குத் தீ வைக்கும் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின.

அரசு என்ன சொன்னது? கூட்டத்தில் சமூக விரோதிகளும் தேச விரோதிகளும் ஊடுருவிவிட்டார்கள் என்றது. ஒசாமா பின்லேடன் படத்தோடு ஒருவர் நின்றதாக முதலமைச்சர் பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் புகைப்படத்தைக் காட்டினார். கோபம் வந்தது உண்மை. ஆனால் அதில் ஒரு பிரிவினை இருந்தது. மாணவர் அடிபட்டதற்கு வந்த கோபத்தின் அளவு, மீன் விற்கும் பெண்ணின் கூடை எரிந்ததற்கு வரவில்லை. "மாணவர்கள் நல்லவர்கள், கடைசியில் வந்தவர்கள்தான் கெட்டவர்கள்" என்று பேசியவர்களில் மாணவர்களை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். அந்தக் "கடைசியில் வந்தவர்கள்" யார்? அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

தூத்துக்குடி 2018: உடைந்த கதை

2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் பல சாதிகளையும் மதங்களையும் சேர்ந்தவர்கள். "சாதிக் கலவரம்" என்ற சட்டகம் இங்கே பொருந்தவில்லை. ஆகவே இன்னொரு பழைய சட்டகம் வந்தது: சமூக விரோதிகள். நடிகர் ரஜினிகாந்த் தூத்துக்குடிக்குப் போய்வந்த பிறகு அதே சொல்லைச் சொன்னார். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

இம்முறை சமூகம் அதை ஏற்கவில்லை. வாகனத்தின் மேல் சாதாரண உடையில் நின்று காவலர் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ரஜினிகாந்தின் பேச்சுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. மே 28 அன்று ஆலையை மூட அரசாணை வந்தது. இழப்பீடு 10 லட்சம் என்று அறிவிக்கப்பட்டு 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக எடுத்த வழக்கைச் சில மாதங்களில் முடித்துக்கொண்டபோது, மக்கள் கண்காணிப்பகத்தின் ஹென்றி திபேன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றும், முதலமைச்சர் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அறிந்தார் என்பது உண்மையல்ல என்றும் அது சொன்னது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

1999இலும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். 2018இலும் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் போனார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான். ஆணைய அறிக்கைகள் மட்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஆட்சி மாறியது ஒரு காரணம். முதல் நாளிலிருந்தே பொதுச்சமூகம் எந்தப் பக்கம் நின்றது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சட்டம் எங்கே கைவிடுகிறது

இவ்வளவுக்கும் தண்டனை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் படிக்க வேண்டும். விசாரணை ஆணையங்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்படுகின்றன. அவை பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக ஒரு காவலர் மீது வழக்குத் தொடர வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 132ஆவது பிரிவு. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 151ஆவது பிரிவு. சட்டத்தின் பெயர் மாறியது, பூட்டு மாறவில்லை. சாவி, சுட உத்தரவிட்ட அதே அரசின் கையில்.

அந்தப் பூட்டு ஒருமுறை திறந்தது. 1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபர் ரமாபாய் அம்பேத்கர் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. மக்கள் திரண்டார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் உதவி ஆய்வாளர் மனோகர் கதம் உத்தரவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 10 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கூட்டம் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குத் தீ வைக்கப் போனது, பெரும் விபத்தைத் தடுக்கவே சுட்டோம் என்றது காவல்துறை. மகாடில் கோயில், ரமாபாய் நகரில் டேங்கர். குண்டேவார் ஆணையம் அந்தக் கதையை ஏற்கவில்லை. 2009 மே மாதம் அமர்வு நீதிமன்றம் கதமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் விரைவிலேயே பிணையில் வெளியே வந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் 12 ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் "குற்றவாளி" என்று சொன்னது. அந்த 12 ஆண்டுகளும் நகர் மக்கள் சாட்சி சொல்வதை விடவில்லை. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படம் அந்தத் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்கி 14 ஆண்டுகளைப் பின்தொடர்ந்தது.

நாம் என்ன செய்வது?

தோழர்களே, முதல் 24 மணி நேரம் முக்கியம். "கலவரம்", "தற்காப்பு", "ஊடுருவல்", "மூழ்கி" என்ற சொற்கள் அந்த நேரத்தில்தான் செய்திக்குள் நுழைகின்றன. ஒருமுறை நுழைந்த சொல்லை ஆணைய அறிக்கை வரை வெளியேற்ற முடிவதில்லை. யார் உத்தரவிட்டார், எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, காயம் உடலின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். காணொளி எடுத்தால் இடமும் நேரமும் தெரியும்படி மூலப் பிரதியைப் பாதுகாத்து வையுங்கள். பிணக்கூறு ஆய்வு அறிக்கையின் நகலைக் குடும்பம் கேட்டு வாங்கும்படி உடன் நில்லுங்கள். உண்மை அறியும் குழு ஊருக்குள் வந்தால் முதலில் பெண்கள் பேசட்டும், ஏனென்றால் காவல்துறை வீட்டுக்குள் புகுந்ததற்கு அவர்கள்தான் சாட்சி.

இரண்டாவது, நம் சாவுக்கு மட்டும் அழுகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது. குப்பத்து மக்கள் ஓடிவந்த மாணவரிடம் சாதி கேட்கவில்லை. தூத்துக்குடியில் கதை உடைந்ததற்குக் காரணம் பல தெருக்காரர்கள் ஒரே குரலில் பேசியதுதான். நாளை வேறொரு சமூகத்தின் ஊர்வலம் அடிபட்டால் நாமும் அங்கே போய் நிற்க வேண்டும். அப்போதுதான் "நாங்கள் அடிபட்ட அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கும்.

மாஞ்சோலைத் தொழிலாளர்களிடம் 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுக் கடிதம் வாங்கிக்கொண்டது. குத்தகை 2028இல் முடிகிறது. நான்கு தலைமுறை உழைத்த மண்ணிலிருந்து அவர்கள் இறக்கப்படுகிறார்கள். அவர்கள் மீண்டும் ஒருநாள் மனுவோடு கொக்கிரகுளம் சாலையில் நடக்க வேண்டியிருக்கலாம். அன்று அவர்கள் பக்கத்தில் எத்தனை பேர் நடப்போம் என்பதை இப்போதே பேசி முடிவு செய்வோம்.

ஜெய்பீம்.